கஞ்சி போட்ட கோட்டு

என் பெரியம்மா மகள் பாண்டிசெல்விக்கு நன்றாக நிற்கத் தெரியும். இதைச் சொன்னால் யாரும் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை. ஓடுவாள், பாடுவாள் என்றால் தலையாட்டுகிறவர்கள், நிற்பாள் என்றால் மேற்கொண்டு ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள். ஆனால் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் முக்கால்வாசி வேலை நிற்பதுதான். ஐந்து கிலோ துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அறுபது தடவை, குண்டூசித் தலையைவிடச் சின்னதான ஒரு புள்ளியைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். மூச்சு அசைந்தாலும் குண்டு விலகிவிடும்.

அக்கா செண்பகத்தோப்பில் வனக்காப்பாளர். சோதனைச் சாவடியில் வண்டிகளை மறித்து, தீப்பெட்டி, பாட்டில், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்புவது வேலை. ஒருமுறை ரோந்து போன இடத்தில் ஒற்றை யானை எதிரே வந்துவிட்டது. ஓட வழியில்லை. முக்கால் மணி நேரம் ஒரு மரத்தை ஒட்டி நின்றிருக்கிறாள். யானை போன பிறகுதான் தும்மினாள் என்று கூடப் போனவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்கு அடுத்த வருடம் துறைப் பயிற்சியில் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது, சொல்லிக்கொடுக்க வந்தவர் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டார்.

அதிலிருந்து ஒன்பது வருடம். ராஜபாளையத்தில் மூடிக்கிடந்த ஒரு பஞ்சு குடோனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி. சுந்தரபாண்டியத்தில் இருந்து அவள் வீட்டுக்காரர் சிவபாண்டி, தான் ஓட்டும் மினி பஸ்ஸிலேயே துப்பாக்கிப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிடுவார். மாவட்டம், மாநிலம், அகில இந்திய வனத்துறைப் போட்டி என்று ஒவ்வொரு படியாக ஏறி, நாற்பத்தொரு வயதில், போலீஸ், தீயணைப்பு, வனம், சிறை என்று சீருடைக்காரர்கள் எல்லோருக்குமான உலக விளையாட்டு விழாவுக்குத் தேர்வாகிவிட்டாள். அடுத்த முறைக்கு வயது இடம் கொடுக்காது. துறையும் கொடுக்காது. இது ஒன்றுதான் வாய்ப்பு. கடைசி எட்டுப் பேருக்குள் வந்து இறுதிச் சுற்றில் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. "மெடல் எல்லாம் பொறவு. அந்த எட்டுல ஒருத்தியா நின்னுட்டு வாரேன், போதும்" என்றாள்.

விழா நடப்பது ஜெர்மனியில், நான் குடியிருக்கும் ஊரிலேயே என்று தெரிந்ததும் குடும்பம் முழுக்க நிம்மதி அடைந்தது. "அங்க பாலகணேஷ் இருக்கான்ல." எனக்கு மட்டும் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழில் படித்தேன். அதற்கப்புறம் ராஜபாளையத்தில் இங்கிலீஷ் மீடியம். அதனால் இரண்டு மொழியிலும் சரளமாகப் பயப்பட வரும். பதினோரு வருடமாக ஜெர்மனியில் இருப்பதால் மூன்றாவதிலும் தேறிக்கொண்டு வருகிறேன். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று சந்தேகம் வந்தால் அதை ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் போட்டிருக்கிறேன். நம் ஆட்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்பது என் நிரந்தரக் கவலை. அவர்கள் ஒன்றும் நினைப்பதில்லை என்பது தெரிந்த பிறகும் அந்தக் கவலை குறையவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு விடுமுறையில் ஊரில் இருந்தேன். கோட்டு தயாராகிவிட்டது, வா பார்க்கலாம் என்று அக்கா ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பீர் மைதீன் பாய் கடைக்குக் கூட்டிப்போனாள். பாய் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர். ஆட்டோ சீட்டும் தைப்பார், நாய்களுக்கு வார்ப்பட்டையும் தைப்பார். துப்பாக்கிக்காரர்கள் போடும் கோட்டு முரட்டுக் கான்வாஸ் துணி. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் விலை அக்காவுக்குக் கட்டாது. யாரோ போட்டுக் கழித்த ஒரு கோட்டை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, பிரித்துப் பார்த்து, பாய் புதிதாக ஒன்று தைத்திருந்தார். உள்ளே கழுத்துப் பக்கம் 'பீர் மைதீன் தார்ப்பாய் ஒர்க்ஸ்' என்று சின்னதாக ஒரு துணி லேபிள்.

"பாய், வெளிநாடு போற சாமானு. தாங்குமா?" என்றேன்.

"நான் தச்ச தார்ப்பாய் காஷ்மீர் வரைக்கும் மழையில நனைஞ்சுக்கிட்டே போயிட்டு வருது தம்பி. இது ஏரோபிளேன்ல உக்காந்துதான போவுது?"

அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். பாய் கட்டைவிரலால் அவள் தோள்பட்டையில் ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் லேசாக உள்ளே போனது. "இதுதான் கணக்கு. அங்கன மிஷின் வச்சு இப்படித்தான் அமுக்குவானாம். மூணு மில்லிமீட்டராவது உள்ள போகணும். போகலன்னா கோட்டு கட்டையா இருக்குன்னு அர்த்தம். ஆளு நிக்காம கோட்டே தாங்கி நிறுத்திரும்ல, அது கள்ளாட்டம். இதைப் பதமாக்க ஒரு மாசம் ஊறவச்சு, தட்டி, மடக்கி எம்புட்டுப் பாடு தெரியுமா? இனி இதுல தண்ணி படக்கூடாது, இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. கேட்டுக்கிட்டியளா?"

இதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் "ஆமா பாய்" என்றேன். அந்த நேரத்தில் போனில், விமானத்தில் ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ என்று ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குத் துப்பாக்கிப் பெட்டியே சுமை அளவைத் தின்றுவிட்டது. அதனால் கோட்டு என் பெட்டியில் வரட்டும் என்று முடிவாயிற்று. நான் அவளுக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்புகிறவன். "பத்திரம்லே" என்று கொடுத்தாள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தேன். கசங்கி, அங்கங்கே மடிப்பு விழுந்து, அக்குளில் வியர்வைக் கறையோடு இருந்தது. ஜெர்மானியர்கள் நடுவே இதைப் போட்டுக்கொண்டு என் அக்கா நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தேன். நேரே தேரடிப் பக்கம் தனுஷ்கோடி அண்ணாச்சியின் சலவைக் கடைக்குப் போனேன்.

தனுஷ்கோடி அண்ணாச்சி கஞ்சிக்குப் பேர் போனவர். அந்த வட்டாரத்துக் காக்கி முழுக்க அவரிடம்தான். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த கால்சட்டையைச் சுவரோரம் நிறுத்தினால் விழாது. உள்ளே ஆள் இல்லாமலேயே சல்யூட் அடிக்கும் போல இருக்கும்.

"இது என்ன தம்பி, சாக்கு மாதிரி இருக்கு?"

"அக்காவோட ஷூட்டிங் கோட்டு அண்ணாச்சி. ஜெர்மனிக்குப் போகுது."

"அப்படியா! அப்ப சாதா கஞ்சி போட்டா நிக்காதே. கெட்டியா ஒரு கை, காஞ்ச பொறவு மறுபடி ஒரு கை. போட்டுருவமா?"

"நல்லாப் போடுங்க. நம்ம ஊரு மானம் இருக்கு."

இரண்டு நாள் கழித்துக் கோட்டு வந்தது. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி. மடித்துப் பெட்டிக்குள் வைக்க முடியவில்லை. ஹேங்கரில் மாட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, மதுரையில் இருந்து சென்னை, சென்னையில் இருந்து ஜெர்மனி என்று கையிலேயே ஏந்திக்கொண்டு போனேன். விமானப் பணிப்பெண், கல்யாணத்துக்கா என்று கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, போட்டிக்கு முந்தைய நாள். உபகரணச் சோதனை நடக்கும் கூடத்தின் வாசலில் அக்காவிடம் உறையைக் கொடுத்தேன். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான். உறையை உருவினாள். கையால் தொட்டாள். யானையைப் பார்த்து நின்றவள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"ஏலே. இத என்ன பண்ணுன?"

"கஞ்சி போட்டேன்க்கா. தனுஷ்கோடி அண்ணாச்சிகிட்ட. ரெண்டு கை."

அவள் பதில் சொல்வதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர். கோட்டின் முதுகைக் கருவியின் கீழே வைத்து எடையை இறக்கினார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டது. ஒன்று புள்ளி நான்கு. கோட்டின் கைப்பகுதியை வைத்தார். ஒன்று புள்ளி இரண்டு. பிறகு விரல் கணுவால் கோட்டைத் தட்டினார். கதவைத் தட்டுவது போலக் கேட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் தட்டச் சொன்னார்.

என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளனாக முன்னால் போய், வெப்பமண்டல ஈரப்பதம், கடல் கடந்த பயணம், விமானத்தின் காற்றழுத்தம் என்று ஜெர்மனில் ஒரு பொய்யைக் கட்ட ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் வினைச்சொல்லைக் காணோம். அக்கா என்னை ஒதுக்கிவிட்டுத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: "நோ சார். மை பிரதர். ரைஸ் வாட்டர். அயர்ன்." சொல்லிவிட்டு என்னைக் கையால் காட்டினாள், பார்த்துக்கொள்ளட்டும் என்று.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். பதினோரு வருடமாக எந்தப் பார்வைக்குப் பயந்து நடந்தேனோ, அந்தப் பார்வை.

நாளை காலை ஒன்பது மணிக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை கொண்டுவரலாம், அப்போதும் தேறாவிட்டால் கோட்டு இல்லாமல் சுட வேண்டியதுதான் என்றார். அணி மேலாளர் சாம்சன் சார் நல்ல மனிதர். கோபத்தை அடக்கிக்கொண்டு, "யார் கெடுத்தாவளோ அவியளே சரி பண்ணிக் குடுக்கட்டும்" என்று அக்காவை என்னோடு அனுப்பிவிட்டார். கோட்டு இல்லாமல் அவள் ஒன்பது வருடத்தில் ஒரு போட்டியும் சுட்டதில்லை.

டிராமில் வரும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்கா, கோவமா?"

"சும்மா வா. மூச்ச எண்ணிக்கிட்டு இருக்கேன்."

என் வீட்டில் அடுத்த சிக்கல். எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை சலவை அறையைப் பூட்டிவிடுவார்கள். சத்தம் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று பன்னிரண்டு பக்க விதி இருக்கிறது. அதைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே குடித்தனக்காரன் நான்தான். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பிடித்து, பீர் மைதீன் பாய்க்கு வீடியோ கால் போட்டோம். ஊரில் அப்போது சாயங்காலம்.

விஷயத்தைக் கேட்டதும் பாய் போனைக் கீழே வைத்துவிட்டார். செத்த நேரம் கடைக் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு முகம் வந்தது.

"தம்பி இருக்காவளா அங்க?"

"இருக்கேன் பாய்."

"நீங்க பேசாதிய. தாயி, நீ கேளு. சோப்பு வேண்டாம். வெந்நி மாத்தி மாத்தி மிதி. தண்ணி பால் மாதிரி வாரது நிக்கிற வரைக்கும் மிதி. பிழியாத. துண்டுல சுருட்டி ஒத்தி எடு. பொறவு ஈரத்தோட போட்டுக்கிட்டு, துப்பாக்கி பிடிக்கிற மாதிரியே நில்லு. காயக் காய மடக்கிக்கிட்டே இருக்கணும். சும்மா காய விட்டா உள்ள மிச்சம் இருக்கிற கஞ்சி இறுகிப்போவும்."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கி மிதித்தாள். தண்ணீர் பாலாகத்தான் வந்தது. எட்டுத் தடவை மாற்றினோம். தனுஷ்கோடி அண்ணாச்சி வஞ்சகம் இல்லாத மனிதர்.

"அக்கா, மெதுவா. கீழ் வீட்டுக்குக் கேட்கும்."

"கேக்கட்டும். மானம் காஞ்ச பொறவு எடுத்துக்கிடலாம்."

பிறகு பால்கனியில் வெயில் இருந்த மூலையில் ஈரக் கோட்டோடு நின்றாள். துப்பாக்கி போட்டிக் கூடத்தின் காப்பறையில் இருந்தது. அதனால் என் குடையை எடுத்துத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மறைத்துக் குறி பார்த்தாள். நான் பின்னால் முட்டி போட்டு ஹேர் டிரையரை அவள் முதுகுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். குடையின் நுனி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. எதிர் பால்கனியில் கெஸ்லர் அம்மாள் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றபோதுதான் பார்த்தேன்.

ஐந்து நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. போலீஸ், விசா, நாடு கடத்தல், ஊரில் என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டு கதவைத் திறந்தேன். கெஸ்லர் அம்மாள் மட்டும் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"காயப்போடவில்லை. போட்டிருக்கிறார்" என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கோட்டுக்குள் ஆள் இருந்தது. விதியில் அதற்கு இடம் இல்லை. யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னலே சொன்னா அந்தம்மா?"

"குட் லக் சொன்னாங்க."

வெயில் சாயும் வரை அக்கா மடக்கி, நீட்டி, திரும்பி, நின்றாள். ஒரு தடவைகூட உட்காரவில்லை.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு மீசைக்காரர் மறுபடி எடையை இறக்கினார். மூன்று புள்ளி ஒன்று. முத்திரைச் சீட்டை ஒட்டினார். நான் குதிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் உள்ள ஈரம் இருக்குலே. அதான் இறங்குது. எட்டுக்குள்ள வந்தா முடிஞ்ச பொறவு மறுபடி அமுக்குவாவ. அதுக்குள்ள காஞ்சு, கஞ்சி இறுகிருச்சுன்னா அம்புட்டுத்தான், சுட்டது எதுவுமே செல்லாது."

ஆக, நன்றாகச் சுட்டால்தான் ஆபத்து. இதைவிட என் சுபாவத்துக்குப் பொருத்தமான ஒரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

நாற்பத்திரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் பத்துக் குண்டில் அக்கா இருபத்தாறாவது இடம். பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சுடுவாள், துப்பாக்கியைத் தாங்கியில் வைப்பாள், இரண்டு முழங்கையையும் மடக்கி இடுப்பை முறுக்கி இப்படி ஒரு தரம் அப்படி ஒரு தரம் திரும்புவாள், மறுபடி எடுப்பாள். கோட்டைக் காயவிடாமல் பதமாக வைத்திருக்க. பக்கத்தில் நின்ற பின்லாந்துத் தீயணைப்புக்காரி இதைக் கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். மூன்றாவது பத்தில் அவளும் இடுப்பை முறுக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இது இந்திய மூச்சுப் பயிற்சியா என்று கேட்டார். ஆமாம், மிகப் பழையது என்றேன்.

இருபத்தாறு பத்தொன்பதாயிற்று. பதினான்கு. பதினொன்று. நான் புள்ளிப் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் காலணி நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதாவது குண்டு முடிந்து கூடத்தில் கைதட்டல் கேட்டபோது நிமிர்ந்தேன். எட்டாவது வரியில் பாண்டிசெல்வி. ஒன்பதாவது ஆளைவிடப் புள்ளி இரண்டு கூடுதல்.

உடனே அந்த எட்டுப் பேரையும் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றேன். மற்ற ஏழு பேரும் தண்ணீர் குடித்தார்கள். அக்கா மட்டும் கடைசி நொடி வரை முறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகில் எடை இறங்கியது. மீசைக்காரர் முள்ளைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று விரலைக் காட்டினார். மூன்று புள்ளி பூஜ்யம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சம் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அழுதுவிட்டேன். எந்த மொழியிலும் இல்லாமல்.

இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தாள். அவளுக்கு முன்னால் வெளியேறியது அந்தப் பின்லாந்துக்காரி. இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். "நல்லா நின்னேன்ல?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். கோட்டைக் கழற்றி, கழுத்து லேபிள் தெரியும்படி பிடித்து, என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். பீர் மைதீன் பாய்க்கு.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். தனுஷ்கோடி அண்ணாச்சி கடைச் சுவரில் அக்கா இறுதிச் சுற்றில் நிற்கும் படம் பெரிதாக மாட்டியிருந்தது. "நம்ம கஞ்சி உலக அளவுல நின்னுருச்சு தம்பி" என்றார். மறுத்துப் பேசும் தைரியம் எனக்கு இல்லை. என் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வாங்கி, இலவசமாக இரண்டு கை போட்டுக் கொடுத்தார். பீர் மைதீன் பாய் கடைப் பக்கம் நான் இன்னும் போகவில்லை. பார்த்தால் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, டீ வாங்கிக்கொடுத்து, கோட்டைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு செண்பகத்தோப்புக்குக் காரில் போனேன். சாவடியில் அக்கா கை காட்டி நிறுத்தினாள். தம்பி என்றெல்லாம் பார்க்கவில்லை. பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு, என் தோள்பட்டையில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"ஒன்னு புள்ளி நாலு" என்றாள். "தேறாது. வண்டிய ஓரமாப் போடு."